வாய் விட்டுப் பேசுற தியானம்

தியானம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? கண்ணை மூடி, முதுகை நிமிர்த்தி, மூச்சை மட்டும் கவனிச்சுக்கிட்டு சத்தமே இல்லாம உட்கார்ந்திருக்கிற ஒருத்தர், சரியா? இதுக்கு நேர் எதிரா ஒரு தியானம் இருக்கு. அதுல கண்ணை மூட வேண்டாம், உட்காரக்கூட வேண்டாம். வயல் பக்கமோ காட்டுப் பக்கமோ தனியா நடந்து போய், வாய் விட்டுப் பேசணும். அவ்வளவுதான்.

இது யூதர்களோட பழக்கம். பேரு ஹித்போதெதூத். தன்னைத் தனிமைப்படுத்திக்கொள்வதுன்னு ஹீப்ருவில் அர்த்தம். பிளேஸ்மெண்ட், அரியர், வீட்டுக் கவலைன்னு எல்லாத்தையும் மனசுக்குள்ளேயே வச்சுக்கிட்டு சுத்துற நமக்கு இதுல தெரிஞ்சுக்க விஷயம் இருக்கு.

யார் சொன்னது?

இதைத் தினசரி பயிற்சியா மாத்தினவர் ரபி நாக்மன். இன்றைய உக்ரைனில் இருக்கிற மெட்ஜிபிஷ் என்ற ஊரில் 1772-இல் பிறந்தவர். ஹசிடிசம் என்ற யூத பக்தி இயக்கத்தைத் தொடங்கிய பால் ஷெம் தோவின் கொள்ளுப்பேரன். பிரெஸ்லவ் ஊரில் இருந்து போதித்ததால் இவரைப் பின்பற்றுகிறவர்களுக்கு பிரெஸ்லவர்கள் என்று பெயர்.

இவரோட வாழ்க்கை ஜாலியான வாழ்க்கை இல்லை. 1806-இல் கைக்குழந்தையா இருந்த மகன் இறந்துட்டான். அடுத்த வருஷம் மனைவி. அதே வருஷம் இவருக்குக் காசநோய். 1810-இல் வீடு தீயில எரிஞ்சுபோச்சு. உமான் நகரத்துக்குப் போய், அதே வருஷம் இறந்தார். வயசு 38. இவ்வளவு கஷ்டத்தைப் பார்த்த ஆள்தான், எப்பவும் சந்தோஷமா இருக்கிறது பெரிய கடமைன்னு சீடர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். அது எப்படி முடியும்? அவர் வச்சிருந்த பதில்தான் இந்தத் தியானம்.

எப்படிச் செய்றது?

தினமும் ஒரு மணி நேரம். ஊருக்கு வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத இடம். இரவு நேரம்னா இன்னும் நல்லது, ஏன்னா அப்பதான் ஊரோட பரபரப்பு அடங்கியிருக்கும். அங்க போய், நெருங்கின நண்பன்கிட்ட பேசுற மாதிரி, அப்பாகிட்ட பிள்ளை முறையிடுற மாதிரி, கடவுள்கிட்ட பேசணும். எதை வேணா பேசலாம். உடம்பு, காசு, பயம், நேத்து செஞ்ச தப்பு, நாளைக்குச் செய்ய வேண்டிய வேலை, எதுவும் சின்ன விஷயம்னு தள்ள வேண்டாம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி, மொழி பற்றினது. யூதர்களோட வழிபாட்டு மொழி ஹீப்ரு. ஆனா அன்னைக்கு அந்த ஊர்களில் வீட்டில் பேசின மொழி இத்திஷ். தியானத்தை இத்திஷ்லதான் செய்யணும்னார் நாக்மன். பழகின மொழியிலதான் மனசு திறக்கும், மத்த மொழியில யோசிச்சு யோசிச்சுப் பேசினா உள்ளே இருக்கிறது வெளியே வராதுங்கிறது அவர் காரணம். எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச என்னை மாதிரி ஆட்களுக்கு இது சுருக்குனு படும். இண்டர்வியூவில் நம்மைப் பத்தி இங்கிலீஷ்ல ரெண்டு நிமிஷம் சொல்லத் தெரியும். நமக்கு என்ன பயம்னு தமிழ்ல நமக்கே சொல்லிப் பார்த்திருக்கோமா?

பேச்சே வரலைன்னா? அதுக்கும் வழி வச்சிருக்கார். பேச முடியலைங்கிறதையே சொல்லுங்க. அதுவும் வரலைன்னா ஒரே ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்க. பேசணும்னு வந்து நின்னதே பயன்தான்னார்.

சோகத்துக்கு ஒரு டைம் ஸ்லாட்

இதுதான் முக்கியமான பகுதி. மனசு உடைஞ்சு அழறது வேற, நாள் முழுக்கச் சோர்ந்து கிடக்கிறது வேற என்று நாக்மன் பிரிக்கிறார். அழறதுக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுங்க, அங்க எதையும் அடக்காதீங்க, மீதி 23 மணி நேரம் சந்தோஷமா இருக்கப் பாருங்க. கவலையே படாதேன்னு அவர் சொல்லலை. கவலைக்கு ஒரு இடமும் நேரமும் ஒதுக்கச் சொன்னார். அதனாலதான் அது மத்த நேரத்துக்குள்ள வழிஞ்சு வராது.

ஏன் வெளியில?

இதுக்கு வேர் பைபிளில் இருக்கு. ஆதியாகமம் 24-ஆம் அதிகாரத்தில், சாயங்காலம் ஈசாக்கு தனியா வெளியே வயலுக்குப் போகிறார். அங்கே வரும் ஹீப்ரு வினைச்சொல்லைத் தமிழ் பைபிள் 'தியானம்' என்றே மொழிபெயர்த்திருக்கிறது. தல்மூத் அதைப் பிரார்த்தனை என்று எடுத்துக்கொண்டு, யூதர்களின் பிற்பகல் வழிபாடு ஈசாக்கிடமிருந்து வந்தது என்கிறது. இன்னொரு சுவாரஸ்யம்: ஹீப்ருவில் 'சியாக்' என்றால் பேச்சு, செடி என்று இரண்டு பொருளும் உண்டு. வயலில் நின்று பேசும்போது அங்குள்ள புல்லும் செடியும் அந்தப் பேச்சோடு சேர்ந்துகொள்ளும் என்று நாக்மன் விளக்கம் சொன்னார்.

இன்றைய இளைஞர்கள்

1960, 70களில் அமெரிக்க யூத இளைஞர்கள் பலர் தியானம் தேடி கிழக்கத்திய மதங்கள் பக்கம் போனார்கள். சொந்த மரபிலேயே தியானம் இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டியவர்களில் ஒருவர் ஆர்யே கப்லான். இயற்பியலில் முதுகலை படித்த ரபி. யூதத் தியானம் பற்றி மூன்று புத்தகங்கள் எழுதினார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆடமா என்ற பண்ணைப் பயிற்சியில் இளைஞர்கள் தங்கி விவசாயம் செய்திருக்கிறார்கள். காலை வேலைக்கு முன் வெளியில் பாட்டும் மௌனமும் பிரார்த்தனையுமாக அவர்கள் நாள் தொடங்கும். ஆடமா என்றால் மண்.

சரி, நமக்கு?

கோடிங் பண்றவங்களுக்கு ரப்பர் டக் டீபக்கிங் தெரிஞ்சிருக்கும். ஒரு பொம்மை வாத்துகிட்ட புரோகிராமை வரி வரியா விளக்கும்போதே தப்பு எங்கேன்னு நமக்குத் தெரிஞ்சிடும். தலைக்குள்ள சுத்துறப்போ எல்லாம் சரியாத்தான் தோணும், வாயால சொல்றப்போதான் ஓட்டை தெரியும். ஹித்போதெதூத்லயும் அந்த வேலை நடக்குது. ஆனா ஒரு வித்தியாசத்தை மறந்துடக் கூடாது: நம்பிக்கை உள்ள யூதருக்கு எதிரில் இருக்கிறது பொம்மை இல்லை. ஒருத்தர் கேட்கிறார்ங்கிற நம்பிக்கைதான் அவருக்கு முழு விஷயமும். அதை ஒதுக்கிட்டு வெறும் ஸ்ட்ரெஸ் டிப்ஸாப் பார்த்தா பாதிதான் புரிஞ்ச மாதிரி.

முயற்சி பண்ண நினைச்சா, இன்னைக்கு ஒரு மணி நேரம் வேண்டாம், பத்து நிமிஷம் போதும். போனை ரூம்லயே வச்சுட்டு, கிரவுண்டு ஓரத்துல மரம் இருக்கிற பாதுகாப்பான இடமாப் பார்த்து நடங்க. வீட்ல பேசுற தமிழ்ல, காதுக்குக் கேக்குற அளவு மெதுவா சத்தம் போட்டுப் பேசுங்க. முதல் ரெண்டு நிமிஷம் கண்டிப்பா கூச்சமா இருக்கும். ஆனா நாள் முழுக்க விடாத சோர்வுன்னா தனியா பேசுறதோட நிறுத்திக்காதீங்க, கவுன்சிலரையோ டாக்டரையோ பாருங்க. மத்தபடி, சனிக்கிழமை சாயங்காலம் கிரவுண்டு காலியாத்தான் இருக்கும்.