எஸ்.எச். ரசாவின் அரூப நிலக்காட்சிகளில் நினைவும் புலனுணர்வும்

திறவுச்சொற்கள்: அரூப ஓவியம், நிலக்காட்சி, நினைவு, புலனுணர்வு, பிந்து

முன்னுரை

நிலக்காட்சி ஓவியம் கண்முன் உள்ள இடத்தைப் பதிவுசெய்வது என்பது பொதுவான கருத்து. மலையும் மரமும் ஆறும் உருவிழந்த ஓர் ஓவியத்தை நிலக்காட்சி என்று எவ்வாறு கொள்ள இயலும் என்னும் வினா இக்கருத்திலிருந்து எழுகிறது. இந்திய நவீன ஓவியர் சையத் ஹைதர் ரசாவின் (1922–2016) படைப்புகள் இவ்வினாவுக்கு விடைகாணத் துணைபுரிகின்றன. அவரது ‘பிந்து’ ஓவியங்கள் பெரும்பாலும் தத்துவக் குறியீடுகளாகவே விளக்கப்பெறுகின்றன. அவ்வாறு விளக்கும்போது ரசா வளர்ந்த காடு பார்வையிலிருந்து விலகிவிடுகிறது. இயற்கை, நினைவு, புலனுணர்வு ஆகிய மூன்றும் அவரது அரூபத்தை உருவாக்கிய முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

காடும் இளமை நினைவும்

ரசா இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மண்ட்லா மாவட்டத்திலுள்ள பாபரியாவில் பிறந்தார். தந்தை வனத்துறைப் பணியில் இருந்தமையால், நர்மதை பாயும் அப்பகுதியின் காடுகளை ஒட்டியே அவரது இளமை கழிந்தது. காட்டிரவு தந்த அச்சம், கோண்டு மக்களின் ஆடல் அவ்விரவுக்கு ஊட்டிய உயிர்ப்பு, விடியல் மீட்டுத்தந்த பாதுகாப்புணர்வு, சந்தை நாளின் வண்ணங்கள் ஆகியவற்றை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். இந்நினைவுகளில் இருளும் ஒலியும் ஒளியும் வண்ணமுமே மேலோங்கி நிற்கின்றன.

வடிவத்திலிருந்து வண்ணத்திற்கு

1948இல் காஷ்மீரில் ரசாவின் நிலக்காட்சிகளைக் கண்ட பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன், அவற்றில் கட்டமைப்புக் குறைவதாகச் சுட்டி, செசானின் ஓவியங்களைப் பயிலுமாறு அறிவுறுத்தினார். 1950இல் பாரிஸ் சென்ற ரசா, தொடக்கத்தில் ஊர்க்காட்சிகளை வடிவக்கணித ஒழுங்குடன் வரைந்தார். 1962இல் அமெரிக்காவின் பெர்க்லியில் கற்பித்த காலத்தில் மார்க் ராத்கோ முதலியோரின் ஓவியங்கள் அவரைக் கவர்ந்தன. உருவத்தின் துணையின்றி வண்ணமே உணர்வைத் தாங்கவல்லது என்பதற்கு அவை சான்றாயின.

‘நிலம்’ எனப் பொருள்படும் ‘லா தேர்’ (1973) இம்மாற்றத்தின் முதிர்ச்சியைக் காட்டுகிறது. கருமையினூடே செம்மையும் காவியும் தழலெனக் கிளர்கின்றன. இடத்தை அடையாளம் காட்டும் மரமோ வீடோ அதில் இல்லை. எனினும் இரவின் அடர்த்தியும் மண்ணின் வெம்மையும் பார்வையாளரை எட்டுகின்றன. பிரான்சில் வாழ்ந்த ஓவியருக்கு மண்ட்லா கண்முன் இல்லை. தொலைவில் இருப்பவரின் நினைவில் இடத்தின் புறவரைகள் மங்க, அது தந்த உணர்வு எஞ்சுகிறது. அவ்வெச்சமே இவ்வோவியத்தின் பொருளாகிறது.

இரண்டு மீட்டர் சதுரமான ‘சௌராஷ்டிரா’ (1983), கட்டங்களாகப் பகுக்கப்பட்ட பரப்பில் எரியும் வண்ணங்களைக் கொண்டது. இப்பகுப்பு இராஜஸ்தானியச் சிற்றோவிய மரபை நினைவூட்டுகிறது. இங்குத் தனிமனித நினைவுடன் மரபின் நினைவும் இணைகிறது.

பிந்து: குறியீடும் அனுபவமும்

அலைபாயும் மனத்தை ஒருமுகப்படுத்த, தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் புள்ளி ஒன்றை வரைந்து அதையே நோக்கச் செய்ததை ரசா பிந்துவின் தோற்றுவாயாகக் கூறியுள்ளார். 1980களில் அவரது ஓவியங்களின் மையமாகிய கரிய வட்டத்தை, வண்ணங்கள் அனைத்தும் பிறக்கும் மூலம் எனத் தத்துவ நோக்கில் கொள்வர். காட்டிரவின் இருளிலிருந்து விடியலின் வண்ணங்கள் வெளிப்பட்ட இளமை அனுபவமும் இதே அமைப்பையே உடையது. எனவே இவ்விரு விளக்கங்களும் முரண்படுவன அல்ல. புலனனுபவம் முந்தியது, தத்துவம் அதற்குப் பின்னர்ப் பெயரளித்தது எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

ஓவியரின் நினைவுகூரல்கள் பிற்காலத்தவை ஆதலால், அவற்றை மட்டும் சான்றாகக் கொள்ளாமல் ஓவியப் பரப்புடன் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். ரசாவைப் பொறுத்தவரை, பிந்துவுக்கு முற்பட்ட ‘லா தேர்’ அவ்வொப்பீட்டுக்குத் துணைநிற்கிறது. அரூப நிலக்காட்சியை ஆராய்வோர் ‘இஃது எவ்விடம்?’ என்பதோடு நில்லாமல், ‘அவ்விடத்தின் எவ்வுணர்வு இங்கு எஞ்சியுள்ளது?’ என்றும் வினவுதல் பயனுடையது. அவ்வாறு வினவும்போது உருவம் மறைந்த ஓவியத்திலும் நிலம் புலப்படுகிறது.