குளிர் மலையில் வீட்டிலேயே பிசிபி!

ரேடியோ, டி.வி., செல்போன் எதைத் திறந்தாலும் உள்ளே ஓர் அட்டை இருக்கும். அதுதான் பிசிபி. அது பிறந்ததே வீட்டில்தான். வியன்னாவிலிருந்து லண்டன் வந்த பால் ஐஸ்லர், 1936-ல் ஹாம்ப்ஸ்டெட்டில் தான் தங்கியிருந்த அறையில், அச்சிட்ட சர்க்யூட்டை வைத்து ஒரு ரேடியோ செய்தார்.

மாதிரிக்கு ஒன்றிரண்டு போர்டு போதுமென்றால், இன்றும் வீட்டிலேயே செய்யலாம். செம்புப் படலம் ஒட்டிய போர்டும் ஃபெரிக் குளோரைடும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். சர்க்யூட் படத்தை இடவலம் மாற்றி, வழவழப்பான தாளில் லேசர் பிரின்ட் எடுக்க வேண்டும். நன்றாகத் தேய்த்துக் கழுவிய போர்டின் மேல் அதைக் கவிழ்த்து இஸ்திரி போட்டால், டோனர் செம்பில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்துவிட்டு, போர்டை ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால், டோனர் மூடாத செம்பு மட்டும் கரையும். படலத்தின் தடிமன் வெறும் 35 மைக்ரான்தான்!

கிளென்மார்கன் குளிரில் இந்தக் கரைசல் மந்தமாகிவிடும். பிளாஸ்டிக் தட்டோடு வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, அவ்வப்போது அசைத்துக் கொடுத்தால் வேலை வேகமாகும். எவர்சில்வர் பாத்திரம் கூடாது, அரித்துவிடும். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம்.

முக்கியமான விஷயம், மிச்சக் கரைசல். அதில் கரைந்துள்ள செம்பு மீன்களுக்கு விஷம். 1932-ல் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்குவதே கிளென்மார்கன் வழியாகத்தான். அது பிறகு மாயாற்றில் சேர்கிறது. கரைசலைப் பாட்டிலில் மூடிவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். வீரியம் போனபின் அபாயக் கழிவாகத்தான் ஒப்படைக்க வேண்டும். சாக்கடையிலோ ஓடையிலோ ஒரு சொட்டுகூடக் கொட்டக் கூடாது.