வேலியும் ஆகும், ஊறுகாயும் ஆகும்: வீட்டுத் தோட்டத்தில் களா வளர்க்கலாம்

கிடைக்காத பலாக்காயைவிடக் கிடைக்கும் களாக்காய் மேல் என்பார்கள். இன்று களாக்காயே கிடைப்பது அரிதாகிவிட்டது. மனை வாங்கியவுடன் பொக்லைன் வைத்துப் புதரையெல்லாம் வழித்துவிடுகிறோம். ஓரத்தில் நின்ற களாச் செடியும் அதோடு போய்விடுகிறது. பிறகு கல்கால் நட்டு முள்கம்பி கட்டச் செலவு செய்கிறோம். பேக்கரிக்குப் போனால் கேக்கின் மேல் சிவப்பாக இருக்கும் 'செர்ரி'யை விரும்பிச் சாப்பிடுகிறோம். அவற்றில் பலவும் விதை நீக்கி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து, சாயம் ஏற்றிய களாக்காய்தான்.

களா நம் மண்ணின் செடி. கிளா என்றும் சொல்வார்கள். வறட்சியைத் தாங்கும், ஒருமுறை வேர் பிடித்தால் பல ஆண்டுகள் நிற்கும். வேலிக்காக வளர்த்தாலும் காய் தரும். ஆனால் செடியைச் சரியாக அடையாளம் காண்பதும், சரியான மாதத்தில் கவாத்து செய்வதும் மிக முக்கியம்.

அடையாளம் காண்பது எப்படி?

களா, அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒடித்தால் பால் வரும். அதனால் சிலர் இதை விஷச்செடி என்று நினைக்கிறார்கள். இதற்கு நேர்மாறான தவறுதான் ஆபத்தானது. பல வீடுகளில் வேலியாக நிற்கும் மஞ்சள் அரளியின் காயை உண்ணும் காய் என்று குழந்தைகள் நினைத்துவிடுவதுண்டு. அதன் கொட்டை உயிரைப் பறிக்கக்கூடியது.

வேறுபாடு எளிது. களாவில் இலைகள் அகலமாக, எதிரெதிராக இருக்கும். கிளையில் இணை இணையாகக் கூர்மையான முட்கள் இருக்கும். பூ சிறியது, வெண்மையானது, மணமுள்ளது. காய் கொத்தாகப் பிடித்து, பச்சை அல்லது இளஞ்சிவப்பிலிருந்து கருஞ்சிவப்பாகி, கறுப்பாகப் பழுக்கும். மஞ்சள் அரளியில் முள் கிடையாது. இலை நீண்டு ஒடுங்கியது, பூ மஞ்சள் நிறப் புனல் போன்றது. அதன் காயும் பழுத்தால் கறுக்கும் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. முள் இல்லாத செடியின் காயைக் களா என்று யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். தவறுதலாக அரளிக் காயைத் தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழைக்கவும்.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மஞ்சள் அரளி வேலி இருந்தால், அதை எடுத்துவிட்டுக் களா வைப்பது நல்லது. களா முள்ளும் குத்தும். எனவே வாசலுக்கும் நடைபாதைக்கும் அருகில் நட வேண்டாம்.

கன்று தயாரித்தல்

காட்டில் உள்ள செடியைத் தோண்டி எடுக்க வேண்டாம். பழத்திலிருந்து விதை எடுத்தாலே போதும். பெரிய காயாக, நிறையக் காய்க்கும் தாய்ச்செடியைத் தேர்வு செய்து, நன்கு கறுத்த பழங்களைப் பறிக்கவும். சதையைப் பிசைந்து கழுவி, விதைகளை நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி உடனே விதைக்கவும். களா விதையின் முளைப்புத்திறன் வேகமாகக் குறையும் என்பதால், அடுத்த ஆண்டுக்கென்று எடுத்து வைத்தால் பயனில்லை. ஆவணியில் விதைத்தால் அடுத்த ஆண்டு மழைக்கு நடவுக்கு ஏற்ற கன்று கிடைக்கும்.

விதைக்கன்றுகள் தாய்ச்செடியைப் போலவே இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வேலிக்கு இது பெரிய குறையல்ல. காய்க்காகவே வளர்ப்பவர்கள் மழைக்காலத்தில் விண்பதியம் போடலாம். பென்சில் கனமுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, வடியும் பாலைத் துடைத்து, ஈரமான தென்னை நார்க்கழிவை வைத்து பாலித்தீன் தாளால் இறுகக் கட்டவும். வேர் தெரிந்த பிறகு வெட்டி, பையில் வளர்த்து நடலாம். ரகம் கேட்பவர்கள் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா ஆகியவற்றை நாற்றங்காலில் விசாரிக்கலாம்.

நடவு

நல்ல வெயில் வேண்டும். செம்மண், சரளை, மணல் கலந்த மண் என எதிலும் வரும். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது நடவும்.

வேலிக்கு ஒன்றரை அடி ஆழத்தில் நீளமாக வாய்க்கால் எடுத்து, மட்கிய தொழு உரம் கலந்து, 2 அடிக்கு ஒரு கன்று வைக்கவும். 60 அடி நீளத்துக்குச் சுமார் 30 கன்றுகள் தேவை. கிளைகள் பக்கத்து மனையிலும் தெருவிலும் நீளாதபடி, எல்லையிலிருந்து 3 அடி உள்ளே தள்ளி நடவும். காய்க்காக மட்டும் என்றால் செடிக்குச் செடி 6 முதல் 8 அடி விடலாம். வேலி அடையும் வரை கன்றுகளை ஆடு, மாடு மிதிக்காமல் காக்க வேண்டும். முதல் இரண்டு கோடைகளில் வாரம் ஒருமுறை தண்ணீர் கொடுக்கவும். அதன்பின் காய் திரளும்போது தண்ணீர் விட்டால் காய் பெருக்கும்.

கவாத்தில்தான் காய் இருக்கிறது

'செடி செழிப்பாக இருக்கிறது, காய்தான் இல்லை' என்று சொல்பவர்களிடம் எப்போது வெட்டினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் தையில் அல்லது மாசியில் என்பார்கள். களா கிளை நுனியில் பூக்கும் செடி. பெரும்பாலும் மாசி, பங்குனியில் பூத்து, ஆடி, ஆவணியில் பழுக்கும். பூக்கும் முன் நுனியை வெட்டினால் அந்த ஆண்டுக் காயையும் சேர்த்து வெட்டியதாகும்.

எனவே அறுவடை முடிந்தவுடன் கவாத்து செய்யவும். மழையில் வரும் புதுத்துளிர் அடுத்த பூவுக்குத் தயாராகிவிடும். தெருப்பக்கம் இறுக்கமாக வெட்டி, உள்பக்கம் சற்று விட்டுவைத்தால் வேலியும் கெடாது, காயும் குறையாது. முதல் ஆண்டில் மட்டும் அடியில் பல கிளைகள் வர, ஓரடி உயரத்தில் நுனியைக் கிள்ளவும். இல்லாவிட்டால் வேலியின் அடியில் சந்து விழும்.

விதைக்கன்று மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். வளர்ந்த செடியில் 3 முதல் 5 கிலோ வரை எதிர்பார்க்கலாம். பூச்சித் தொல்லை குறைவு. சமையலுக்குப் பறிக்கும் செடியில் ரசாயன மருந்து அடிக்க அவசியமே வராது.

பறிப்பதும் பயன்படுத்துவதும்

கையுறை அணிந்து பறிக்கவும். காயை உப்புத் தண்ணீரில் போட்டு வைத்துக் கழுவினால் பால் போய்விடும். புளிப்பு மிகுந்த காய் என்பதால் அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களைத் தவிர்த்து, எவர்சில்வர், பீங்கான், மண்பாத்திரம் பயன்படுத்தவும்.

பச்சைக் காய் ஊறுகாய்க்கு ஏற்றது. 1 கிலோ காயைக் கீறி விதை நீக்கி, 125 கிராம் கல் உப்பும் மஞ்சள் தூளும் சேர்த்து மூன்று நாள் குலுக்கி வைக்கவும். பிறகு நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் சேர்த்துக் கிளறி, காய் மூழ்கும் அளவு எண்ணெயுடன் ஜாடியில் வைக்கவும். பருப்பில் மாங்காய்க்குப் பதிலாகவும் போடலாம்.

சிவக்கத் தொடங்கிய காயில் பெக்டின் நிறைய உண்டு. வேகவைத்து வடித்த சாற்றுடன் சம அளவு சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினாலே ஜெல்லி உறையும். கறுத்த பழத்தை அப்படியே சாப்பிடலாம். ஓரளவு பழங்களைச் செடியிலேயே விட்டால் கொண்டைக்குருவிகள் தேடி வரும்.

களாப்பழம் நல்ல உணவு. ஆனால் ரத்தசோகைக்கு மருத்துவர் தரும் மாத்திரைக்கு மாற்று அல்ல. வேரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டாம், அதில் இதயத்தைப் பாதிக்கும் பொருட்கள் உள்ளன.

புதிதாக மனையைச் சுத்தம் செய்ய இருப்பவர்கள், பொக்லைன் வருவதற்கு முன் ஒருமுறை சுற்றிப் பார்க்கவும். ஓரத்தில் களா நின்றால் அதைச் சுற்றி ஒரு கயிறு கட்டி விட்டுவைக்கவும். அடுத்த ஆவணியில் வேலிக்கு வேண்டிய விதை முழுவதும் அந்த ஒரு செடியிலேயே கிடைக்கும்.