கிழக்கு ஜெர்மனியின் தபால் துறை யாருக்கு வேலை பார்த்தது?

1988 நவம்பரில் கிழக்கு ஜெர்மனியில் 'ஸ்புட்னிக்' என்ற மாத இதழ் திடீரென்று வராமல் போனது. அது சோவியத் யூனியனே ஜெர்மன் மொழியில் நடத்திவந்த பத்திரிகை. கோர்பச்சேவ் காலம் அது. ஹிட்லர்–ஸ்டாலின் ஒப்பந்தத்தைப் பற்றியெல்லாம் அதில் துணிந்து எழுதிவிட்டார்கள். தடை என்று யாரும் அறிவிக்கவில்லை. தபால் துறை விநியோகிக்கும் பத்திரிகைகளின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம் என்று தபால், தொலைத்தொடர்பு அமைச்சகத்தின் பெயரில் சின்னதாக ஒரு செய்தி வந்தது, அவ்வளவுதான். அந்நாட்டில் சந்தா, கடை விற்பனை இரண்டுமே தபால் துறையின் கையில். பட்டியலில் இல்லாத இதழ் வாசகனுக்கு எப்படிப் போய்ச் சேரும்? மாஸ்கோவின் குரலை மாஸ்கோவின் தோழர்களே தபால்காரரை வைத்து அடக்கினார்கள்!

அரசிடம் கொடுத்தால் இப்படித்தான் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். நான் அதை ஏற்கவில்லை. பக்கத்திலேயே மேற்கு ஜெர்மனி இருந்தது. இரண்டு தபால் துறைகளும் பிரிவினைக்கு முந்தைய ஜெர்மன் தபால் துறையான ரைஷ்போஸ்டின் வாரிசுகள்; மேற்கிலும் தபாலும் தொலைபேசியும் அரசின் ஏகபோகம்தான். ஆனால் 1989இல் மேற்கில் தொலைபேசி இல்லாத வீடு அபூர்வம். கிழக்கில் ஏறக்குறைய ஆறு வீட்டுக்கு ஒன்றில்தான் தொலைபேசி. விண்ணப்பித்தவர்கள் பத்து ஆண்டுகளுக்கு மேலும் காத்திருந்தார்கள். கட்சிக்காரர்களும் முக்கியப் பதவிக்காரர்களும் முந்திக்கொண்டார்கள். ஆகவே உடைமை அரசிடம் இருந்ததல்ல சிக்கல். அந்த அரசைத் தட்டிக்கேட்க ஆள் இல்லாததுதான் சிக்கல்.

பணமில்லை, மேற்கு நாடுகள் நவீனத் தொழில்நுட்பத்தை விற்க மறுத்தன என்று சிலர் வாதிடுவார்கள். இரண்டும் உண்மை. ஆனால் பற்றாக்குறையிலும் எதற்குக் காசு ஒதுக்கினார்கள் என்று பாருங்கள். இருபது ஃபென்னிக் தபால்தலை ஒட்டிப் போடும் கடிதத்தை நீராவியால் பிரித்து, படித்து, திரும்ப ஒட்ட ஸ்டாசி உளவுத்துறை தனி இயந்திரங்களே வைத்திருந்தது. நாளொன்றுக்குச் சுமார் 90,000 கடிதங்கள் இப்படிப் பிரிக்கப்பட்டன. இத்தனைக்கும் தபால் ரகசியம் மீற முடியாதது என்று 1968 அரசியல் சட்டத்தின் 31ஆம் பிரிவு சொன்னது. அதை நம்பி முறையிட நிர்வாக நீதிமன்றங்கள் வேண்டுமே! அவற்றை 1952இலேயே கலைத்துவிட்டார்கள்.

மேற்கு ஜெர்மனி மட்டும் யோக்கியமா என்பது இன்னும் கடினமான கேள்வி. இல்லை. கிழக்கிலிருந்து வந்த தபால்களை அங்கும் பெருமளவில் பிரித்தார்கள் என்று வரலாற்றாய்வாளர் யோசஃப் ஃபோஷபோத் 2012இல் ஆவணங்களோடு எழுதினார். ஆனால் அங்கே கடிதங்களைப் பிரிக்கவும் தொலைபேசியை ஒட்டுக்கேட்கவும் அனுமதித்த சட்டத்தை எதிர்த்து அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. 1970இல் அந்த வழக்கு பெரும்பாலும் தோற்றது. 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் தோற்றது. தோற்க முடிந்ததையே பெரிய விஷயமாக நினைக்கிறேன், ஏனென்றால் அதற்காக அரசு தன் பக்க நியாயத்தைப் பொதுவில் வந்து சொல்ல வேண்டியிருந்தது. கிழக்கில் ஸ்டாசி யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1990இல் நாடுகள் இணைந்தபோது கிழக்கில் இருந்தவை சுமார் 18 லட்சம் தொலைபேசி இணைப்புகள். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே தெருத் தெருவாகப் புதுக் கம்பி இழுத்துப் பல லட்சம் இணைப்புகளைச் சேர்த்தது ஜெர்மன் தொலைபேசி நிறுவனமான டெலிகாம். அந்தப் பணி தொடங்கியபோது அதுவும் முழுக்க அரசு நிறுவனம்தான்.