தொப்பைக்கு அல்ல, வெங்காயத்துக்கு!

திண்டுக்கல்காரனுக்குப் புளிப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நத்தம் பக்கம் போனால் புளி, சிறுமலை ஏறினால் எலுமிச்சை. 1957-ல் நாகசாமி நாயுடு 'ஆனந்த விலாஸ்' என்று ஆரம்பித்து, அவர் தலைப்பாகையின் புண்ணியத்தில் 'தலப்பாகட்டி' ஆகிப்போன கடை முதல், சந்து முனை பாய் கடை வரை, சீரகச் சம்பா பிரியாணியின் அந்தச் 'சுர்' தயிரும் எலுமிச்சையும் தருவதுதான்.

இப்படிப்பட்ட ஊரில் இப்போது சூப்பர் மார்க்கெட் அலமாரியில் புதுசாக ஒரு பாட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. ஆப்பிள் சைடர் வினிகர். வாங்குகிற இளவட்டங்கள் சமையலுக்கு வாங்குவதாகத் தெரியவில்லை. தொப்பைக்கு வாங்குகிறார்கள்.

நண்பர் ஒருவர், வட்டிக் கணக்கு பார்க்கிற உத்தியோகம். காலையில் பல் விளக்கியதும் ரெண்டு மூடி அப்படியே வாயில் கவிழ்த்துக்கொள்வார். "தொண்டை எரியுதுய்யா, ஆனா வேலை செய்யுது" என்பார். எரிவது நிஜம். வேலை?

2024 மார்ச்சில் லெபனானிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 120 இளைஞர்கள், 12 வாரம் தினமும் இந்த வினிகர், ஆறிலிருந்து எட்டு கிலோ இறங்கியது என்று. வெளியிட்டது பி.எம்.ஜே. குழுமத்தின் ஒரு பத்திரிகை. உலகம் முழுக்கச் செய்தியானது. புள்ளிவிவரங்களை மறுபடி தோண்டியபோது கணக்கு உதைத்தது. 2025 செப்டம்பரில் அதே பத்திரிகை ஆய்வை வாபஸ் வாங்கிக்கொண்டது. நண்பருக்குச் செய்தி வந்தது, வாபஸ் வரவில்லை!

பி.காம். படித்த புத்தியில் பாட்டிலை ஆடிட் பண்ணிப் பார்த்தேன். ஐந்து சதவீதம் என்று போட்டிருந்தால் அரை லிட்டரில் அசிட்டிக் அமிலம் 25 கிராம். மிச்சம் ஏறக்குறைய தண்ணீர். ஆப்பிள் சாறு நுரைத்துச் சாராயமாகி, அந்தச் சாராயத்தைப் பாக்டீரியா காடியாக மாற்றிய சமாசாரம், அவ்வளவுதான். (அடியில் நூல் நூலாக மிதப்பது அந்தப் பாக்டீரியாக் கூட்டம், கெட்டுப்போச்சு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.) நீர் கலக்காமல் தினமும் குடித்தால் பல் எனாமல் கரையும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஆனால் சமையலறையில் அது நல்ல பிள்ளை. ரூமில் தனியாகப் பொங்கித் தின்கிற பேச்சிலர்களுக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

புளி கொதிக்கக் கொதிக்கத்தான் பச்சை வாசனை போகும். அதன் புளிப்பு ஆவியாகி ஓடாது. வினிகர் நேர் எதிர். கொதிக்கிற குழம்பில் ஊற்றினால் மணம் ஆவியோடு போய்விடும், மூக்குதான் எரியும். எலுமிச்சை சாதத்துக்கு அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத்தானே பிழிவார்? அதே சட்டம். காளான் வறுவல், ஃப்ரைடு ரைஸ் மாதிரி அயிட்டங்களில் இறக்கிய பிறகு ஒரு டீஸ்பூன் போதும். புளிக்குழம்பில் வேண்டாம். பிரியாணியில் ஊற்றினால் ஊர் மன்னிக்காது.

அதன் நிஜமான இடம் பிரியாணிக்குப் பக்கத்தில். நம்மூர்ப் பேட்டையில் மலை மாதிரி கொட்டிக் கிடக்கிறதே சின்ன வெங்காயம், அதில் கால் கிலோ உரித்து ரெண்டாகக் கீறுங்கள். அரை டம்ளர் வினிகர், அரை டம்ளர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் சர்க்கரை, கீறின பச்சை மிளகாய் ரெண்டு. கண்ணாடி பாட்டிலிலோ பீங்கான் ஜாடியிலோ போடுங்கள். அலுமினியப் பாத்திரம் ஆகாது, புளிப்பு அதை அரிக்கும். ஒரு மணி நேரத்தில் காரம் அடங்கி லேசாக ரோஸ் நிறம் ஏறியிருக்கும். தண்ணீர் கலந்திருப்பதால் இது ஊறுகாய் மாதிரி மாசக்கணக்கில் தாங்காது. ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

மட்டன் குழம்புக்கும் தொட்டுக்கொள்ளலாம், தயிர் சாதத்துக்கும் பிரமாதம். நண்பருக்கு ஒரு பாட்டில் போட்டுக் கொடுத்தேன். மூன்றே நாளில் காலி. இப்போது மூடியில் ஊற்றிக் குடிப்பதில்லை. வெங்காயத்துக்கே வினிகர் பத்தவில்லையாம்.