வெப்சைட்டை எப்போது மாற்ற வேண்டும்?

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த போன் அடிக்கடி வரும்: "சார், உங்க வெப்சைட் ரொம்ப பழசா இருக்கு. இந்த மாசம் ஆஃபர்ல புதுசாப் பண்ணித் தர்றோம்." சொன்னதும் கடைக்காரர் தன் தளத்தைத் திறந்து பார்ப்பார். பழசாகத்தான் தெரியும். தினமும் பார்க்கிற எதுவும் சில வருடங்களில் அலுத்துவிடும். காந்தி ரோட்டில் நாலு கடை தள்ளி இருப்பவர் புதிதாகச் செய்திருந்தால் அந்த அலுப்பு இன்னும் கூடும்.

கடைக்காரருக்கு அலுத்துப்போனதற்காகத் தளத்தை மாற்ற வேண்டியதில்லை. கோயம்புத்தூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ அதைத் திறக்கும் பெண்மணி அநேகமாக முதல் முறையாகப் பார்க்கிறார். அவருக்கு அது பழசும் இல்லை, புதுசும் இல்லை. தான் வந்த வேலை முடிகிறதா என்பதுதான் அவருக்குக் கணக்கு. அது முடியாமல் போகும்போதுதான் மாற்றத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள வெளியாள் யாரும் வேண்டாம், கடையின் வாட்ஸ்அப் போதும்.

கடந்த சில வாரங்களில் வந்த கேள்விகளை உட்கார்ந்து படியுங்கள். எந்தச் சேலைக் கடையானாலும் திரும்பத் திரும்ப வருபவை ஒரு கை விரலுக்குள் அடங்கும். "இது ப்யூர் ஜரிகையா, ஹாஃப் ஃபைனா?" "கைத்தறியா, பவர்லூமா?" "கோர்வையா?" "எவ்வளவு வெயிட்?" "நேர்ல பார்த்தா இதே கலர்தானா?" இந்தக் கேள்விகளுக்குத் தளத்தில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், குறை தளத்தின் வடிவத்தில் இல்லை, அதில் எழுதியிருப்பதில் இருக்கிறது. பதில் இருந்தும் கேட்கிறார்கள் என்றால், கண்ணில் படாத இடத்தில் அது கிடக்கிறது. முதலாவதற்கு ஒரு ஆளும் சில நாள் உழைப்பும் போதும். இரண்டாவதற்குத்தான் வடிவமைப்பாளர் வேண்டும்.

பெரும்பாலான கடைகளுக்குக் குறை முதலாவதுதான் என்பது என் எண்ணம். ஒரு முகூர்த்தப் புடவையின் பக்கத்தைத் திறந்தால் படம், விலை, 'ஒரிஜினல் காஞ்சிபுரம் சில்க்' என்ற ஒரு வரி. பல்லாயிரம் ரூபாய் கொடுக்கப் போகிறவருக்கு அந்த ஒரு வரி எப்படிப் போதும்? ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெளியூர்க்காரருக்கு அதை யாராவது சொல்ல வேண்டும். உடலும் கரையும் தனித்தனி நாடாவில் நெய்து கோக்கப்பட்ட கோர்வைச் சேலையா என்பது சேலையைத் திருப்பிப் பிடித்தால் தெரிந்துவிடும். அந்தப் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்துப் போட எந்த மென்பொருளும் தடையாக இல்லை.

முத்திரைகளையும் பிரித்துச் சொல்ல வேண்டும். 'சில்க் மார்க்' இருந்தால் அது சுத்தமான பட்டு என்று பொருள். கைத்தறியில் நெய்தது என்றோ காஞ்சிபுரத்தில் நெய்தது என்றோ அது சொல்வதில்லை. கைத்தறிக்கு 2006-ல் வந்த 'ஹேண்ட்லூம் மார்க்' தனி. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் கிடைத்த புவிசார் குறியீடு இன்னொன்று. மூன்றும் ஒன்றேதான் என்று வாங்குபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் சேலைக்கு இவற்றில் எது உண்டு, எது இல்லை என்று நேராக எழுதியிருந்தால் நம்பிக்கை கூடும்.

அடுத்தது நிறம். மயில் கழுத்து நிறச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்பதால் சாய்த்துப் பிடித்தால் பச்சை, நேராகப் பிடித்தால் நீலம். ஒரே ஒரு படத்தில் இதைக் காட்டவே முடியாது. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் இரண்டும் கெட்டு வேறொரு நிறம் வரும். சேலை கைக்குப் போனதும், "படத்துல இருந்தது இது இல்லை" என்று வாடிக்கையாளர் சொன்னால் அவர்மேல் தப்பில்லை. பகல் வெளிச்சம் விழும் வாசலோரம், கையில் பிடித்து மெல்லத் திருப்பி, பத்து விநாடி வீடியோ எடுத்தால் இந்தப் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும்.

இதைவிட வலிப்பது ஒன்று உண்டு. கைத்தறிச் சேலை பெரும்பாலும் ஒரு நிறத்துக்கு, ஒரு டிசைனுக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். காலையில் கடைக்கு வந்தவர் அதை எடுத்துப் போய்விட்டார். தளத்தில் அது இன்னும் இருக்கிறது. இரவு சிங்கப்பூரில் ஒரு வீட்டில் அம்மாவும் மகளும் நூறு சேலையைப் பார்த்து அந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து மெசேஜ் போடுகிறார்கள். "அது போயிடுச்சும்மா, அதே மாதிரி வேற அனுப்பட்டுமா?" என்று பதில் போகிறது. இரண்டு தடவை இப்படி நடந்தால் அவர்கள் வேறு கடை பார்ப்பார்கள். எவ்வளவு செலவழித்துத் தளத்தைப் புதுப்பித்தாலும் இது தீராது. சேலை விற்ற உடனே, பில் போடுகிறவரே தளத்திலிருந்தும் அதை எடுத்துவிடும் பழக்கம் வர வேண்டும். அப்படி எடுக்க முடியாதபடி, ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் டெவலப்பரைக் கூப்பிட வேண்டிய நிலையில் தளம் இருந்தால், இதோ உங்களுக்கு முதல் உண்மையான காரணம் கிடைத்துவிட்டது. அந்தத் தளத்தை மாற்றத்தான் வேண்டும்.

இரண்டாவது காரணம் போன். இதைச் சோதிக்கக் கடையின் வைஃபை உதவாது. உங்கள் சித்தியிடமோ அத்தையிடமோ அவர்களுடைய போனிலேயே, சிம் டேட்டாவில், "இருபதாயிரத்துக்குள்ள ஒரு அரக்குச் சேலை எடுத்துப் பணம் கட்டும் பக்கம் வரைக்கும் போங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்காருங்கள். எங்கே நின்று விழிக்கிறார், எதைத் தொட்டு ஒன்றும் நடக்கவில்லை, எப்போது மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறார் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரை வைத்து இப்படிப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் வெளியே வந்துவிடும் என்று 2000-லேயே எழுதினார் யாகோப் நீல்சன் என்ற வலைப் பயன்பாட்டு வல்லுநர். சேலைக் கடைக்கும் அது பொருந்தும்.

பக்கத்தின் முக்கியமான படம் இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்று கூகுள் ஓர் அளவு வைத்திருக்கிறது. அவர்களுடைய 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' பக்கத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்தால் இலவசமாகவே சொல்லிவிடும். பல நேரம் தாமதத்துக்குக் காரணம், போனில் எடுத்த பெரிய பெரிய படங்களை அப்படியே ஏற்றியதுதான். படங்களைச் சுருக்கி ஏற்றினால் சரியாகிவிடும், அதற்காகத் தளத்தையே மாற்ற வேண்டாம். ஆனால் எழுத்து எறும்பாகத் தெரிகிறது, பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியிருக்கிறது என்றால் அது கம்ப்யூட்டர் திரைக்கென்று கட்டிய பழைய தளம். அதை ஒட்டுப்போட முடியாது. கூகுளும் இப்போது தளங்களின் போன் வடிவத்தைப் பார்த்துத்தான் தன் பட்டியலில் சேர்க்கிறது. பல ஆண்டுகளாகப் படிப்படியாக நடந்த அந்த மாற்றம் 2023 அக்டோபரில் நிறைவடைந்தது.

தமிழ்த் தளங்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் கட்டிய சில தளங்களில் தமிழ் பழைய எழுத்துருவில் இருக்கும், அல்லது எழுத்தையே படமாக ஒட்டியிருப்பார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடுபொறிக்கு அது தமிழே அல்ல. 'மாம்பழ மஞ்சள் பட்டுப் புடவை' என்று ஒருவர் தேடினால் உங்கள் கடை வராது. ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் சரி. குழப்பமான எழுத்தாக வந்தாலோ, நகலெடுக்கவே முடியாமல் போனாலோ, அந்தப் பக்கங்களைத் திரும்ப எழுதத்தான் வேண்டும்.

தொழிலே மாறியிருந்தாலும் தளம் மாற வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்து சென்னைக் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுத்துக்கொண்டிருந்தவர் இப்போது நேரடியாக விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அன்று முகவரியும் போன் நம்பரும் இருந்தால் போதும். இன்று விலை, யுபிஐ, கூரியர், திருப்பி அனுப்பும் விதி எல்லாம் வேண்டும். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி, தன் தளத்தில் விற்கிறவர் கடையின் சட்டப்படியான பெயர், முகவரி, குறை கேட்கும் அலுவலரின் பெயர், தொடர்பு விவரம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

இன்னொரு காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை: தளத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? சில வருடங்களுக்கு முன்பு கூகுள் சிறு கடைகளுக்கு இலவசமாக வெப்சைட் கட்டிக்கொடுத்தது. முகவரி 'பிசினஸ்.சைட்' என்று முடியும். அதை 2024 மார்ச்சில் நிறுத்தியது. சில காலம், அந்த முகவரிக்குப் போனவர்களைக் கடையின் கூகுள் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பியது. 2024 ஜூன் 10-க்குப் பிறகு அதுவும் இல்லை. விசிட்டிங் கார்டிலும் பையிலும் அந்த முகவரியை அச்சடித்தவர்களுக்கு எல்லாம் வீண். உங்கள் டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறதா, அல்லது கட்டிக்கொடுத்தவர் பெயரில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அவர் பெயரில் இருந்தால், வடிவமைப்பைப் பற்றிப் பேசும் முன் அதை மாற்றி வாங்குங்கள்.

காரணம் இருக்கிறது, மாற்றப் போகிறோம் என்று முடிவானாலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் கலைத்துப் போடாதீர்கள். பிரிட்டனில் துணிக்குப் பேர்போன மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனம் 15 கோடி பவுண்டு செலவழித்து 2014 பிப்ரவரியில் புதுத் தளம் திறந்தது. பழைய வாடிக்கையாளர்கள் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது, பழகிய இடத்தில் எதுவும் இல்லை. ஜூன் மாதத்தோடு முடிந்த காலாண்டில் அதன் இணைய விற்பனை 8.1 சதவீதம் குறைந்தது. அவ்வளவு பெரிய நிறுவனம் அதைத் தாங்கியது. காந்தி ரோட்டுக் கடை ஒரு சீசனைத் தொலைத்தால் அடுத்த பாவுக்குப் பட்டு வாங்கவே திணறும், அதை நம்பித் தறியில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கும் வேலை குறையும்.

சேலைப் பக்கத்தை முதலில் மாற்றுங்கள். அது பழகட்டும். பிறகு பணம் கட்டும் பக்கம், கடைசியாக முகப்பு. பழைய பக்கங்களின் முகவரிகளை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு பழைய முகவரியையும் அதற்குரிய புதுப் பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடச் சொல்லுங்கள். டெவலப்பரிடம் '301 ரீடைரக்ட்' என்றால் புரிந்துகொள்வார். இதைச் செய்யாவிட்டால், இத்தனை வருடத்தில் கூகுளில் சேர்ந்த பெயர் போய்விடும். யாரோ தங்கைக்கு அனுப்பிய பழைய லிங்க்கும் திறக்காது.

எந்த மாதம் செய்வது? ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லையே, அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியிலேயே புடவை எடுக்கிறார்கள், தைக் கல்யாணத்துக்கு மார்கழியிலேயே. வெளிநாட்டில் இருப்பவர்கள் அதற்கும் முன்னாலேயே தேடத் தொடங்கிவிடுவார்கள். பஞ்சாங்கத்தைப் பார்ப்பதைவிட, கடந்த மூன்று வருட பில்லையும் வாட்ஸ்அப்பில் விசாரணை வந்த தேதிகளையும் எடுத்துப் பாருங்கள். உங்கள் கடைக்கு மட்டும் உரிய மந்தமான வாரங்கள் அதில் தெரியும். புதுத் தளம் அந்த வாரங்களின் தொடக்கத்தில் ஏறட்டும். பழைய தளத்தின் முழு நகலும் உங்கள் கையில் இருக்கட்டும். ஏறிய நாளிலிருந்து அடுத்த சில வாரங்கள் அதே வாட்ஸ்அப் கேள்விகளைத் திரும்பப் படியுங்கள். "ப்யூர் ஜரிகையா?" என்று கேட்பவர்கள் குறைந்து, "எப்போ அனுப்புவீங்க?" என்று கேட்பவர்கள் கூடியிருந்தால் செலவழித்த பணம் வேலை செய்கிறது.