காலில் சுருளுவது 'நரம்பு' இல்லீங்க!

கிருஷ்ணன்கோவிலில் காலை பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் பாருங்கள். சிலர் ராஜபாளையம் நூல் மில்லுக்கு, சிலர் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அடுப்படிக்கு, சிலர் பள்ளிக்கூடத்துக்கு. வேலை வேறு வேறானாலும், நாள் முழுக்க நின்றாக வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், ''கால் கனக்குது... கெண்டைக்கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்குது'' என்பார்கள்.

உண்மையில் அது நரம்பே இல்லை, சிரை. உடம்புக்குப் பிராணவாயுவைக் கொடுத்துவிட்டு இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தின் பாதை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி, ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அது திரும்ப இறங்காதபடி சிரைக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. கிணற்று மோட்டாரில் ஃபுட்வால்வு கெட்டால் குழாயில் தண்ணீர் நிற்குமா? அதே கதைதான் இங்கேயும்! ரத்தம் தேங்கி, சிரை புடைத்துச் சுருள்கிறது. இதுதான் 'வெரிகோஸ் வெயின்'. பரம்பரை, கர்ப்பம், உடல் பருமன், வயது எல்லாமே காரணமாகலாம்.

எப்போது உஷாராக வேண்டும்?

கணுக்காலுக்கு மேலே உள்பக்கத்தில் தோல் கறுத்து, அரிப்பு எடுத்தால் அலட்சியம் வேண்டாம். அடுத்த கட்டம் புண்! ''எனக்குச் சர்க்கரை இல்லையே, ஏன் ஆறலை?'' என்று களிம்பு மாற்றி களிம்பு போடுவார்கள். தேங்கும் ரத்தத்துக்கு வழி செய்யாமல், களிம்பு மட்டும் போட்டால் பலன் இருக்காது. டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் எந்த வால்வு பழுது என்று தெரிந்துவிடும். தேவைப்பட்டால் லேசர் அல்லது ஆபரேஷன்.

அமெரிக்காவில் வாழ்ந்த ஜெர்மானிய இன்ஜினீயர் கான்ராட் ஜோப்ஸ்டுக்கும் இதே தொல்லை. நீச்சல் குளத்தில் நின்றபோது கால் வலி குறைந்ததாம். ஆழம் கூடக் கூட தண்ணீரின் அழுத்தமும் கூடுகிறதே! அதைப் பார்த்து, கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் பிடிக்கும் காலுறையை 1950 வாக்கில் உருவாக்கினார். காலையில் கால் வீங்குவதற்கு முன்பே இதைப் போட வேண்டும். ஆனால், காலுக்குப் போகும் தமனி ரத்த ஓட்டம் சரியா என்று டாக்டர் பார்த்த பிறகுதான். சர்க்கரை நோயாளிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

நிற்கும்போது அவ்வப்போது குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் படுத்து, இரண்டு தலையணை மேல் காலை உயர்த்தி வையுங்கள்.

புடைத்த இடத்தில் ரத்தம் பீறிட்டால் பதறாதீர்கள். உடனே படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உள்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்த்து விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கூடவே மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்று ராத்திரி, வீட்டில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவரின் கணுக்காலை ஒருதரம் பாருங்களேன். அம்மா காலையும் சேர்த்துத்தான்!